தீவுப் பெட்டி கிடைத்தது

அன்புள்ள மச்சான்,

உன் பெட்டியை, ஒருவர் ஒளித்துவைக்க மற்றவர் செய்மதி இலக்கங்களை வைத்துத் தேடுகிற அந்த ஜியோகாச்சிங் விளையாட்டுப் பெட்டியை, கண்டுபிடித்துவிட்டேன். மாசியில் லீவில் வந்து, என்னிடம் மூச்சுக்கூட விடாமல் கந்தளாய்ப் பக்கத்துக் குளத்தீவில் ஒளித்துவைத்துவிட்டு, கனடா போய்ச் சேர்ந்தபிறகு இடத்தைக் காட்டும் வெறும் இலக்கங்களை அனுப்பினாயே, அந்தக் கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

போன ஞாயிறு விடியவே இறங்கினோம். வெயில் ஏறிக் கச்சான் காற்று கிளம்பிவிட்டால் வள்ளம் முன்னே நகராது என்று மீன்பிடிக்கிற அண்ணை சொல்லியிருந்தார். எனக்கும் ஒரு துடுப்புத் தந்தார்; பாதி வழியில் தானே வாங்கிக்கொண்டார். பட்டமரக் கொப்பு ஒன்றில் நீர்க்காகம் சிறகு விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. முதலை இருக்குமா என்று கேட்டேன். "இருக்கு. அதுக்கு என்னைத் தெரியும்" என்றார். என்னைத் தெரியுமா என்று கேட்கத் துணிவு வரவில்லை.

தீவில் ஏறியதும் மிச்சத் தூரம் பூச்சியம் என்று போன் காட்டியது. பெட்டியைக் காணோம். கலையின் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) மூன்றாம் தசம இலக்கத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ ஏறக்குறைய 1.8 மீற்றர் தள்ளிப்போகும் என்று நீ எழுதியிருந்தாய். மர அடர்த்திக்குக் கீழே செய்மதியும் தடுமாறுமாம். அரைமணி நேரம் முள்ளுக்குள் சுற்றினேன். கடைசியில் ஒரு மரத்து வேரிடுக்கில் கல் அடுக்கியிருந்த விதம் கண்ணில் பட்டது. கல் தானாக அப்படி அடுக்குப்படாது. ஒன்றை எடுத்தேன். உள்ளே கரும்பச்சைப் பெட்டி, சுற்றிலும் கறுப்பு டேப்.

"தம்பி, உதில கை வைக்காதை."

திரும்பிப் பார்த்தால் அண்ணை வள்ளத்தடிக்கே போய்விட்டார். விளையாட்டுப் பெட்டி என்று எனக்குத் தெரியும். எழுதியனுப்பியவன் நீ. இருந்தும் கை அந்தரத்தில் நின்றுவிட்டது, மச்சான். காட்டுக்குள் கல்லுக்கடியில் டேப் சுற்றிய பெட்டியைக் கண்டால் வெடியாக இருக்கும், தொடாதே என்றுதானே எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம்? செய்மதி இலக்கங்களில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா நிறுத்தியது 2000 மே மாதத்தில் என்றாய். அடுத்த நாளே ஒரிகனில் ஒருவர் காட்டில் வாளி ஒன்றை ஒளித்துவைக்க, இந்த விளையாட்டுப் பிறந்ததாம். அதே மே மாதம் நான் சோதனைச்சாவடி வரிசையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றேன்.

சரி, திறந்தேன். உள்ளே பெயர்ப்புத்தகம், பென்சில், நீர்ப்பறவை பதித்த ஒரு டொலர்க் குற்றி, ஒரு சாவிக்கோர்வை. அப்புறம் நீ வைத்த கோப்பி ரொஃபி! சாப்பாட்டுச் சாமான் வைக்கக்கூடாது என்பது உங்கள் விளையாட்டின் விதிதானே? ஏதோ ஒன்று மோப்பம் பிடித்து மூடியின் மூலையைக் கொறித்திருக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுபோன புதுப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் மாற்றினேன். நிறமில்லாத பெட்டி, உள்ளே இருப்பது தெரியும். மேலே இது என்னவென்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறேன். கண்டுபிடிக்கச் சுலபமாகிவிடும் என்று நீ முறைப்பாய். முறைத்துக்கொள்.

பெட்டி திறந்தும் ஒன்றும் ஆகாததைக் கண்ட பிறகுதான் அண்ணை கிட்ட வந்தார். புத்தகத்தில் உன் பெயருக்குக் கீழே நான் எழுத, எனக்குக் கீழே அவரும் எழுதினார். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்கவேண்டும் என்றேன். டொலரை எடுத்துக்கொண்டு, மடியிலிருந்து வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றை வைத்தார். பேரப்பிள்ளைக்குக் காட்டவாம்.

இன்னொன்று. வள்ளம் இல்லாமல் போகமுடியாது என்று இதற்கு ஐந்துக்கு ஐந்து கடினம் போட்டிருக்கிறாயே, அதைத் திருத்து. நீ வந்த மாசியில் குளம் முட்ட நின்றது. இது ஆவணி. பெட்டியை வைத்துவிட்டு மற்றப் பக்கம் எட்டிப் பார்த்தேன்: கரையிலிருந்து காய்ந்த சேற்றில் நடந்து வந்து நாலு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அண்ணைக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. வள்ளத்துக்குப் பேசிய காசை முழுதாக வாங்கிக்கொண்டுதான் சிரித்தார்.

உன்,
ரவி
திருகோணமலை