வெட்டி ஒட்டிய ஜாஸ்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சின்னவளுக்கு வேலை கிடைத்ததை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இங்கே அனைவரும் நலம். எனக்குத்தான் மூட்டுவலி, மாடி ஏறுவதைக் குறைத்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் அனுப்பிய சிகாகோ டிரம்மர் மக்காயா மெக்ரேவனின் இசையைப் பாதியில் நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய். "நாலு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிப்பதுதான் ஜாஸ், பதிவு செய்ததை வெட்டி ஒட்டுவது எப்படி ஜாஸ் ஆகும்?" என்று கேட்டிருந்தாய். இதை என்னால் சும்மா விட முடியவில்லை.

நீ கும்பிடும் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸையே எடுத்துக்கொள். 1969-ல் வந்த அவருடைய 'இன் எ சைலன்ட் வே' ஆல்பம் உன் அலமாரியில் இருக்கிறது. அதன் இரண்டாவது பக்கத்தைப் போடு. ஜோ ஸாவினுல் எழுதிய அந்த மெதுவான மெட்டு நாலு நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். ஜான் மெக்லாக்லினின் கிடார் தயங்கித் தயங்கி ஒவ்வொரு சுரமாக எடுத்து வைக்கும். நடுவில் தாளம் பிடித்து, சூடேறி, அடங்கும். அப்புறம் அதே மெட்டு திரும்ப வரும். அதே தயக்கம், அதே இடைவெளி. அவர்கள் அதை மறுபடி வாசிக்கவே இல்லை. தயாரிப்பாளர் டியோ மசெரோ முதலில் வந்த டேப்பின் பிரதியைக் கடைசியில் ஒட்டியிருக்கிறார். முதல் பக்கமும் அப்படித்தான். தொடக்கத்தின் ஆறு நிமிஷம் முடிவில் திரும்ப வருகிறது. வாசித்த வரிசையில் அப்படியே வெளியிட்டிருந்தால், நாம் இத்தனை வருஷமாகச் சொக்கிக் கிடக்கும் அந்த வடிவமே கிடைத்திருக்காது. (அந்த மெக்லாக்லின்தான் சில வருஷம் கழித்து நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு 'சக்தி' குழுவில் உட்கார்ந்தார். அதையும் 'இது ஜாஸா' என்று கேட்டவர்கள் உண்டு.)

மெக்ரேவன் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மசெரோ பேண்டுக்கு வெளியே இருந்தவர். இவரோ டிரம்ஸ் வாசிப்பவரே. சிகாகோவில் ஒரு பாரில் ஒரு வருஷம் தொடர்ந்து, முன்தயாரிப்பு எதுவும் இல்லாமல், நண்பர்களோடு வாசித்ததைப் பதிவு செய்தார். சுமார் 48 மணி நேரம் சேர்ந்தது. அதை உட்கார்ந்து கேட்டு, எங்கே ஏதோ ஒன்று தற்செயலாகக் கூடி வந்ததோ அந்தச் சில நொடிகளை எடுத்து, சுழலவிட்டு, அடுக்கி, 2015-ல் 'இன் தி மொமன்ட்' என்று வெளியிட்டார். யோசித்துப் பார், மேடையில் அந்த நொடி வந்த வேகத்தில் போய்விடும். வாசித்தவனுக்கே முழுதாகப் பிடிபட்டிருக்காது. அதைத் திரும்பப் போய்ப் பிடித்து, 'இதோ, இதைக் கேள்' என்று கையில் கொடுக்கிறார். எனக்கு இது ஏமாற்று வேலையாகப் படவில்லை. இதைவிடக் கவனமாகக் கேட்கும் காது வேண்டுமா என்றுதான் தோன்றுகிறது.

அவரிடம் நான் முழுசாக விழுந்தது 2018-ல் வந்த 'யுனிவர்சல் பீயிங்ஸ்' கேட்டபோது. நியூயார்க், சிகாகோ, லண்டன், லாஸ் ஏஞ்சலஸ் என்று நாலு ஊர், நாலு கூட்டணி. நியூயார்க்கில் பதிவான பக்கத்தில், பிராண்டி யங்கரின் ஹார்ப்பை (நம் யாழ் மாதிரி) ஹெட்போன் போட்டுக் கேள். கவிஞரும் பாடகருமான கில் ஸ்காட்-ஹெரனின் கடைசி ஆல்பத்துக்கு 2020-ல் மெக்ரேவன் புதிதாக இசை அமைத்தபோது, தன் அப்பா அம்மாவின் பழைய பதிவுகளிலிருந்தும் துண்டுகள் எடுத்துச் சேர்த்தார். அப்பா ஜாஸ் டிரம்மர், அம்மா ஹங்கேரிய நாட்டுப்பாடல் பாடியவர். இறந்துபோன அந்தக் கவிஞரின் குரலுக்கு அடியில் தன் வீட்டையே வைத்திருக்கிறார்.

ரீமிக்ஸ் என்று வருவதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. பழைய பாடகியின் குரலுக்கு அடியில் ஒரு டிரம் மெஷினை ஓட்டிவிட்டு முடித்துக்கொள்கிற ஆல்பங்கள் நிறைய உண்டு. எனக்கும் அவை வேண்டாம். ஆனால் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் மேட்லிப்பை அதில் சேர்த்துவிடாதே. ஜாஸ் இசைத்தட்டு நிறுவனமான புளூ நோட் தன் பழைய பதிவுகளைத் திறந்துவிட, 2003-ல் அவர் செய்த 'ஷேட்ஸ் ஆஃப் புளூ', அந்த இசையோடு வளர்ந்தவன் செய்த வேலை. அதற்கு முன்பே 'யெஸ்டர்டேஸ் நியூ குவின்டெட்' என்று ஒரு ஐவர் குழுவையும் நடத்தினார். ஐந்து பேரும் அவரே! ஆளுக்கு ஒரு பெயர் வைத்து, ஒவ்வொரு வாத்தியமாகத் தனியே வாசித்துச் சேர்த்தார்.

வெட்டாமல் ஒட்டாமல், அதே சமயம் புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் லண்டனில் 2022 வரை இருந்த 'சன்ஸ் ஆஃப் கெமட்' குழுவைப் பிடி. அடிநாதம் கொடுக்கும் பாஸ் வாத்தியம் கிடையாது; அந்த இடத்தில் தியோன் கிராஸின் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம். நாதஸ்வரத்துக்கு இரண்டு பக்கமும் தவில் நிற்பதுபோல ஷபாகா ஹட்சிங்ஸின் சாக்ஸஃபோனுக்கு இரண்டு டிரம்மர்கள். 2018-ல் இம்பல்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். கல்யாண வீட்டு மேளம் கேட்டு வளர்ந்த உனக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

அடுத்த மாதம் கோவை வருகிறேன், மெக்ரேவனின் எல்பி இரண்டையும் எடுத்து வருவேன். உன் பிளேயரின் ஊசியை மட்டும் அதற்குள் மாற்றி வை. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ராகவன்