ஏ சைடு, பி சைடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

வேலைக்குப் போக அரை மணி, திரும்பி வர அரை மணி காரில் கழிகிறது, உங்களுக்குப் பிடித்த பாட்டையெல்லாம் எழுதி அனுப்புங்கப்பா, போனில் ஏற்றிக்கொள்கிறேன் என்று போன வாரம் சொன்னாய். பெயர்களை மட்டும் வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பினால் போதாதா என்று உன் அம்மா கேட்டாள். எனக்கு மனசு வரவில்லை. போக அரை மணி, வர அரை மணி என்று நீ சொன்னதுமே பழைய கடை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அது அப்படியே ஒரு ‘சிக்ஸ்டி’ கேசட்டின் கணக்கு. ஏ சைடு முப்பது நிமிஷம், பி சைடு முப்பது நிமிஷம். எனவே நீ கேட்டதை கேசட்டாகவே போட்டுத் தருகிறேன். போகும்போது ஏ சைடு, வரும்போது பி சைடு.

கடையை நீ பார்த்தது அதன் கடைசிக் காலத்தில். அப்போது பாதி அலமாரியில் பேட்டரியும் டார்ச் லைட்டும் அடுக்கியிருந்தேன். அதற்கு முன்னால், எண்பதுகளில், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. கூடத்தில் ரெக்கார்டு பிளேயர், இரண்டு டெக், ஒரு ஆம்ப்ளிபயர். சுவர் முழுக்க எல்பி ரெக்கார்டு அட்டைகள். ஆட்கள் நோட்டுத் தாளைக் கிழித்துப் பாட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டு வருவார்கள். பாட்டு ஒன்றுக்கு நாலு, நாலரை நிமிஷம். பக்கத்துக்கு ஆறு பாட்டு, நெருக்கினால் ஏழு. வருகிறவர் எழுதியிருப்பதோ இருபது, இருபத்தைந்து. எதை விடலாம் என்று உட்கார்ந்து பேசுவோம். ஒருத்தரைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்தப் பத்து நிமிஷம் போதும். பத்துப் பாட்டை அடித்தாலும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே இருப்பார். ஒன்றின் மேல் பேனாவை வைத்தால் மட்டும் முகம் மாறிவிடும். ஏன் என்று நான் கேட்டதில்லை. அதை விட்டுவிட்டு அடுத்ததை அடிப்பேன்.

இன்னொன்று, ஒரு மணி நேர கேசட்டை நிரப்ப ஒரு மணி நேரம் ஆகும். வேகமாக நகல் எடுக்கும் மெஷினெல்லாம் உண்டு, ஆனால் சத்தம் தேய்ந்துவிடும் என்று நான் அதைத் தொட மாட்டேன். அதனால் யாருடைய பாட்டாக இருந்தாலும் முழுசாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும். எனக்குப் பிடித்தவை என்று நான் இப்போது எழுதுகிறவற்றில் பாதி, மற்றவர்களுக்குப் பிடித்து, என் காதில் ஓடி, அப்படியே தங்கிவிட்டவைதான்.

முதல் பாட்டு சீர்காழி கோவிந்தராஜனின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’. சாமி பாட்டு எதற்கு என்று கேட்காதே. மைக்செட்காரர் கோயில் கொடையில் குழாயைக் கட்டிவிட்டு முதலில் வைப்பது அதுதான், நானும் தினமும் கடை திறந்ததும் ஊசியை அதன் மேல்தான் வைப்பேன். பக்திக்காக மட்டும் இல்லை. அந்தக் குரல் சரியாகக் கேட்டால் டெக்கில் கோளாறு இல்லை என்று அர்த்தம். கர் என்று வந்தால் ஹெட்டைப் பஞ்சால் துடைக்க வேண்டும்.

இரண்டாவது உன் ஆச்சியுடையது, சுசீலா பாடிய ‘மாலைப் பொழுதின் மயக்கத்திலே’. 1961-இல் வந்த பாக்யலட்சுமி படத்துப் பாட்டு. ஆச்சி தீப்பெட்டி ஆபீஸுக்காக வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குச்சி அடுக்குவாள். கட்டையில் வரிவரியாகக் குச்சிகளைப் பரப்பி, மேலே சக்கையை வைத்து, மறுபடி குச்சி. விரல் ஓடுவதைப் பார்த்தால் நமக்குக் கண் கிறுகிறுக்கும். பக்கத்து வீட்டு ரேடியோவில் காலையில் இலங்கை வானொலி வைப்பார்கள். எங்கள் பக்கத்துக்குச் சென்னையைவிட அதுதான் தெளிவாக எடுக்கும். ‘பொங்கும் பூம்புனல்’ ஓடும்போது ஆச்சியின் கை அந்தத் தாளத்துக்குப் போகும். இந்தப் பாட்டு வந்தால் மட்டும் கை நின்றுவிடும். பாட்டு முடிந்ததும், விட்ட இடத்திலிருந்து அடுக்க ஆரம்பிப்பாள். அந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லை. ரொம்ப காலம் கழித்து டிவியில் போட்டபோதுதான் நான் பார்த்தேன். சின்ன வயசிலேயே விதவையான ஒரு பெண் தான் கண்ட கனவைத் தோழியிடம் சொல்லிப் பாடுகிறாள். உன் தாத்தா போனபோது ஆச்சிக்கு என்ன வயசு என்று உனக்குத் தெரியும். கதை தெரிந்துதான் ஆச்சி கையை நிறுத்தினாளா, வெறும் மெட்டே போதுமாக இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. நான் படம் பார்த்தபோது கேட்பதற்கு அவள் இல்லை.

மூன்றாவது, ‘காத்திருந்து காத்திருந்து’. 1984-இல் வைதேகி காத்திருந்தாள் வந்த புதிதில், ஒரு லாரி டிரைவர் புது கேசட் ஒன்றை வாங்கி அதில் இந்த ஒரே பாட்டை இரண்டு பக்கமும் நிரப்பித் தரச் சொன்னார். திரும்பத் திரும்ப அதே பாட்டு. மற்ற பாட்டெல்லாம் எதுக்குண்ணே, இது முடிஞ்சதும் இது வரணும், அவ்வளவுதான் என்றார். ஒவ்வொரு முறையும் ஊசியைத் தூக்கி, அந்தப் பாட்டின் ஆரம்ப வரியைத் தேடி வைத்து, டெக்கின் பாஸ் பட்டனை விட வேண்டும். அரை நாள் ஓடிவிட்டது. பக்கத்து டீக்கடைக்காரர் வந்து, ஏம்ப்பா ரெக்கார்டு சிக்கிக்கிச்சா என்று கேட்டார். மறு மாசம் அந்த டிரைவர் கேசட்டை எடுத்துக்கொண்டு வந்து, அழித்துவிட்டு எம்.ஜி.ஆர் பாட்டாகப் போடச் சொன்னார். முகத்தில் சிரிப்பா, வேறு எதுவுமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. 2025 ஜனவரியில் ஜெயச்சந்திரன் இறந்த அன்று டிவியில் இதே பாட்டைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு ஜெயச்சந்திரனோடு அந்த டிரைவரின் நினைப்பும் வந்தது.

நான்காவதைப் பற்றி எழுதும்போது அம்மா பின்னால் நின்று படிக்கிறாள். பரவாயில்லை. ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’. எம்.எஸ்.வி இசையில் அபூர்வ ராகங்கள் படத்துக்காகப் பாடி வாணி ஜெயராமுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டு. உன் அம்மா கொண்டுவந்த லிஸ்டில் முதல் வரி அதுதான். பன்னிரண்டு பாட்டும் வாணி ஜெயராம். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. சாதாரணமாகக் கேசட்டின் ஓரத்தில் ஒன்றரை, இரண்டு நிமிஷம் மிஞ்சினால் ஏதாவது வாத்திய இசையைப் போட்டு நிரப்புவேன். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ வந்த பிறகு எல்லா கேசட் முடிவிலும் அதுதான். ஆனால் அந்தக் கேசட்டில் நாலு நிமிஷம் மிஞ்சியது. மிஞ்சவில்லை, மிஞ்ச வைத்தேன். அதில் லிஸ்டில் இல்லாத ‘மல்லிகை என் மன்னன் மயங்கும்’ பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து உன் மாமா கடைக்கு வந்து, இந்தக் கடைசிப் பாட்டை யார் கேட்டது என்று விசாரித்தார். அதுவும் வாணி ஜெயராம்தான், இடம் இருந்தது, போட்டேன் என்றேன். அவர் என்னையும் ரெக்கார்டு பிளேயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம்தான், அதில் சந்தேகமில்லை. கடைசியில் அப்படி ஒரு பாட்டு இருந்ததையே தான் கவனிக்கவில்லை என்று அம்மா இப்போதும் சாதிக்கிறாள். எழுதிக்கொள்ளச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

ஐந்து, ‘ஆயிரம் நிலவே வா’. எஸ்.பி.பி-க்கு அப்போது காய்ச்சல், எம்.ஜி.ஆர் காத்திருந்து பாட வைத்தார் என்ற கதை உனக்கே தெரியும். காரணமெல்லாம் எதுவும் இல்லை, நல்ல பாட்டு. ஏ சைடு அதோடு முடியட்டும்.

பி சைடை ‘இது ஒரு பொன்மாலைப் பொழுது’ என்ற பாட்டோடு ஆரம்பி. 1980-இல் நிழல்கள் படத்தில் வந்தது, வைரமுத்துவின் முதல் பாட்டு. நீ ஆபீஸை விட்டுக் கிளம்பும் நேரத்துக்குப் பொருத்தமாக இருக்கும். எட்டயபுரம் ரோட்டில் போகும் தனியார் பஸ்காரர்களுக்கு நான் போட்டுக் கொடுத்த கேசட்டிலெல்லாம் சாயங்கால டிரிப்புக்கு இதுதான் முதல். பஸ் கேசட்டுக்கு ஒரு பக்குவம் வேண்டும். கூட்டம் ஏறும்வரை வேகப் பாட்டு, ஊர் தாண்டியதும் மெலடி. இந்த வரிசை தவறினால் டிரைவரே கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்.

அடுத்து ‘வாராயென் தோழி வாராயோ’. எங்கள் காலத்தில் எந்தக் கல்யாண வீட்டு மைக்செட்டிலும் இந்தப் பாட்டு இல்லாமல் இருந்ததில்லை. எல்.ஆர். ஈஸ்வரி குரலைக் கேட்டால் எனக்கு வாழை மரமும் ரோஸ் கலர் காகிதத் தோரணமும் கண்ணில் வந்துவிடும்.

பிறகு உன் பாட்டு. உனக்கு ஐந்து வயசு இருக்கும்போது ரோஜா வந்தது. கடைக்கு அந்தக் கேசட் வந்த அன்று இரண்டு ஸ்பீக்கரும் புதுசாக மாறிவிட்ட மாதிரி இருந்தது. அடியில் துடிக்கும் அந்தச் சத்தம் அதுவரை அதே ஸ்பீக்கரில் வந்ததே இல்லை. பெயர் இல்லாத ஒரு மலிவு டேப்பில் ஒருவருக்கு அதைப் பதிந்து கொடுத்தேன். அட்டையில் அறுபது என்று போட்டிருந்தது, உள்ளே அவ்வளவு நாடா இல்லை. கடைசியாக இருந்த ‘சின்னச் சின்ன ஆசை’ பாதியில் டக்கென்று அறுந்து நின்றது. அவருக்கு வேறு டேப் கொடுத்துவிட்டு, இதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீ அதைத்தான் கேட்டுக் கேட்டுப் பாடப் பழகினாய். பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறிப் பாடினாயே, கேசட் நின்ற அதே இடத்தில், வார்த்தை பாதியில் இருக்கும்போதே, வாயை மூடிக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டாய். டீச்சர் மேடையோரம் நின்று இன்னும் இருக்கிறது, பாடு பாடு என்று கையைக் காட்டுகிறார். நீயோ முடிந்துவிட்டது என்று தலையை ஆட்டுகிறாய். மின்மினி பாடிய முழுப் பாட்டை நான் இப்போது எங்கே கேட்டாலும் அந்த இடம் வரும்போது நின்றுவிடும் என்றே காத்திருக்கிறேன்.

‘கண்ணே கலைமானே’ பாட்டை இதில் சேர்க்கவில்லை. கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு என்பார்கள். 1981 அக்டோபரில் அவர் போய்விட்டார், மூன்றாம் பிறை 1982-இல் வந்தது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ராத்திரியில் பாடியது இதைத்தான், யேசுதாஸ் மன்னிக்கட்டும். வண்டி ஓட்டும்போது வேண்டாம், தூக்கம் வரும். பேத்தியைத் தூங்க வைக்க வைத்துக்கொள்.

அப்புறம் சிடி வந்தது, ஒரு தட்டில் நூறு பாட்டுக்கு மேல் போட்டுத் தெருவோரத்தில் விற்றார்கள், கடை மூடியது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இப்போது அங்கே செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போனில் பாட்டுகளைக் கலைத்துப் போடும் பட்டன் இருக்கிறதே, அதை மட்டும் தொடாதே. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வருவதற்குள் இரண்டு மூன்று நொடி இடைவெளி இருக்கும், அதற்குள் அடுத்த பாட்டு காதுக்குள் தானாகத் தொடங்கிவிடும். ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’ எங்கே முடிந்தாலும் எனக்கு இன்றைக்கும் அம்மா லிஸ்டின் இரண்டாவது பாட்டுதான் கேட்கிறது. உனக்கும் அந்தப் பழக்கம் வரட்டும்.

லிஸ்டைத் தனித் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அம்மா அதில் கை வைத்துவிட்டாள். சுசீலாவுக்குத் தனியாக ஒரே ஒரு பாட்டா என்று சண்டை போட்டு, பி சைடு கடைசியில் ‘நாளை இந்த வேளை பார்த்து’ என்று சேர்த்திருக்கிறாள். பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருது வாங்கிய பாட்டு, மறுத்துப் பேச முடியுமா? ஆனால் நான் ஏற்கெனவே மிச்ச இடத்தில் சொல்லாமல் வேறு சிலவற்றையும் நெருக்கி வைத்திருப்பதால், அதையும் சேர்த்தால் முப்பது நிமிஷத்தைத் தாண்டிவிடும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பாட்டு முடிந்ததும் இறங்கு. மாப்பிள்ளை கேட்டால் அத்தை சேர்த்த பாட்டு என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா