ஐசிஎம்ஆருக்கும் மத்திய சுகாதார அமைச்சகத்துக்கும்: கிருமியைக் கொல்ற பாலிமர் பூசின யூரின் டியூப் எப்போ வரும்?

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன மாசம் எங்கப்பாவுக்கு ப்ராஸ்டேட் ஆபரேஷன், நல்லபடியா முடிஞ்சுது, யூரின் போக டியூப் போட்டாங்க. அஞ்சாம் நாள் குளிர் ஜுரம். எந்தக் கிருமி, எந்த மருந்து கேக்கும்னு பாக்கற கல்ச்சர் ரிப்போர்ட்ல க்ளெப்சியெல்லான்னு ஒரு பாக்டீரியா பேரு போட்டு கீழ ஒவ்வொரு ஆன்டிபயாடிக்குக்கும் நேரா வரிசையா ஆர், ஆர், ஆர்... ஆர்னா அந்த மருந்து கேக்காது, எஸ்னா கேக்கும். டியூட்டி டாக்டர் பேனாவை ஒவ்வொரு வரியா இறக்கிக்கிட்டே வந்தாரு, ரொம்ப பவரான மெரோபெனமும் ஆர், கடைசில கொலிஸ்டின்கிற மருந்துகிட்ட நிறுத்துனாரு, அதுலயும் எஸ் இல்ல, 'ஐ', ரெண்டுக்கும் நடுவுல. "இது ஒண்ணுதான் சார் மிச்சம், கிட்னியை பாத்துக்கிட்டே போடணும்"னாரு. கிட்னிக்கு ஆகாதுன்னு 70கள்லயே ஓரங்கட்டின மருந்து. ஜுரம் இறங்குச்சு, ஆனா கிட்னி கெட்டா ரத்தத்துல ஏறுற கிரியாட்டினின் 1.1ல இருந்து 3.4க்கு ஏறிடுச்சு. இப்போ அம்மா பாட்டில்ல பேனாவால கோடு போட்டு, அதுக்கு மேல ஒரு வாய் தண்ணி குடுக்கறதில்ல.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்ல. பாலிமர் விஷயமும் தெரியும். பாசிட்டிவ் சார்ஜ் இருக்கற பாலிமர் பாக்டீரியாவோட சவ்வுல ஒட்டி அதையே கிழிச்சுடுது, அதனால அதுக்கு பழகிக்கறது கிருமிக்கு லேசுல முடியாது. 2016ல மெல்போர்ன் யுனிவர்சிட்டில நட்சத்திர வடிவ பாலிமரை எலிங்களுக்கு குடுத்து, மருந்துக்கு அடங்காத அசினெட்டோபாக்டர்ங்கற பாக்டீரியாவையே அடக்கிக் காட்டினாங்க. நம்ம பெங்களூரு ஜேஎன்சிஏஎஸ்ஆர் ஆராய்ச்சி நிறுவனத்துல விஞ்ஞானி ஜயந்த ஹால்தார் குழு வருஷக்கணக்கா இதே வேலையாத்தான் இருக்காங்க. ரத்தத்துல ஏத்தினா நம்ம செல்லையும் சேத்து கிழிக்குமோன்னு பயம் இருக்கு, அதுக்கு டைம் எடுத்துக்கோங்க, ஒத்துக்கறேன். நான் ஊசியா கேக்கலைங்க, டியூப் மேல பூச்சாத்தான் கேக்கறேன். கிருமி வந்து வழவழன்னு படலமா குடியேறுறதே அந்த டியூப்லதானே?

ஆனா நம்ம ஊர்ல, கண்டபடி ஆன்டிபயாடிக் குடுத்து கிருமியைப் பழக்காதீங்கன்னு 2012ல சென்னைப் பிரகடனம்னு டாக்டருங்க கூடி கத்தினாங்க, 2014ல இருந்து சில ஆன்டிபயாடிக்கை யாருக்கு குடுத்தோம்னு மருந்துக்கடைக்காரர் எழுதி வைக்கணும், ஹெச்1 ரெஜிஸ்டர்னு சட்டம் இருக்கு, இன்னிக்கும் மெடிக்கல்ல போய் "தொண்டை வலிண்ணா"ன்னா செஃபிக்ஸிம் ஆன்டிபயாடிக் ரெண்டை சீட்டு கேக்காம கத்தரிச்சு கவர்ல போட்டு குடுப்பாரு, ரெஜிஸ்டர் கல்லாவுக்கு கீழ பத்திரமா தூங்கும். உங்க போஸ்டர்ல மட்டும், 'சீட்டு இல்லாம வாங்காதீங்க'ன்னு மருந்து அட்டைல போடற சிவப்புக் கோடு சூப்பரா இருக்கு சார்.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். கேக்கறது ஒண்ணுதான்: நம்ம லேப்ல இருக்கற பாலிமரை டியூப்ல பூசி, அரசு ஆஸ்பத்திரிங்கள்ல ட்ரையல் நடத்த பணம் ஒதுக்குங்க. அப்பாவுக்கு அடுத்த மாசம் மறுபடி டியூப் போடணுமாம், அதுக்குள்ள வராதுன்னு தெரியும். ட்ரையல் எப்போ ஆரம்பிப்பீங்கன்னு ஒரு தேதியாவது தயவுசெஞ்சு சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு பேஷண்ட்டோட மகன்