எண்ணுக்குப் பக்கத்தில் விதியையும் எழுதுங்கள்: என்.சி.ஏ.ஏ. புள்ளிவிவரப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வின் மதிப்பிற்குரிய புள்ளிவிவரப் பிரிவினருக்கு,

வணக்கம்.

2024 மே 27-ல் பில் வால்டன் மறைந்ததிலிருந்து கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு பழைய விவாதம் மறுபடி சூடு பிடித்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் கண்ட சென்டர்களில், அதாவது கூடைக்கு அருகே நின்று ஆடும் உயரமான ஆட்டக்காரர்களில், ஆகப் பெரியவர் யார்? லூ அல்சிண்டரா (பின்னாளில் கரீம் அப்துல்-ஜபார்), வால்டனா? விவாதம் நடப்பது நல்லதுதான். அதற்கு ஆதாரமாக நீட்டப்படும் அட்டவணைதான் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. அல்சிண்டர்: 88 ஆட்டம், 2,325 புள்ளி, 1,367 ரீபவுண்ட் (தவறிய எறிதலில் திரும்பும் பந்தைப் பிடிப்பது). வால்டன்: 87 ஆட்டம், 1,767 புள்ளி, 1,370 ரீபவுண்ட். அடுத்ததாக பிளாக் (எதிரி எறியும் பந்தைத் தட்டிவிடுவது) என்று ஒரு கட்டம். அதில் இருவருக்கும் ஒரு சிறு கோடு. அட்டவணை கைமாறிக் கைமாறிப் போகும்போது எங்கோ ஓரிடத்தில் அந்தக் கோடு பூஜ்யமாகிவிடுகிறது. அந்தப் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் காலத்தில் தற்காப்பு என்று ஒன்று இருந்ததா என்று கேட்கிறார்கள்.

கோட்டைப் பூஜ்யமாக்கியது நீங்கள் அல்ல. ஆனால் அந்தக் கோடு பிறந்தது உங்கள் ஏட்டில். பிளாக்கை நீங்கள் முறையாக எண்ணத் தொடங்கியது 1985-86 சீசனில். வால்டன் கல்லூரியை விட்டுப் போய் பதினோரு ஆண்டுகள் கழித்து. உங்கள் தடித்த பதிவேட்டைப் புரட்டினால் இந்தப் புள்ளிவிவரம் எந்த ஆண்டிலிருந்து கணக்கில் வருகிறது என்ற குறிப்பு இருக்கிறது. இல்லை என்று சொல்ல வரவில்லை. எண் போகிற இடமெல்லாம் அந்தக் குறிப்பு கூடப் போவதில்லை என்பதுதான் குறை. ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள்: எண் எந்த விதியின் கீழ் எடுக்கப்பட்டதோ, அந்த விதியை அந்த எண்ணின் வரிசையிலேயே எழுதுங்கள். அடிக்குறிப்பில் வேண்டாம், முன்னுரையில் வேண்டாம்.

பிளாக் கட்டம் காலியாக இருப்பது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று சொல்லிவிடுகிறேன். யு.சி.எல்.ஏ.வின் பிளாக் பட்டியலில் இன்று முதலிடத்தில் இருப்பவர் 1990-களில் ஆடிய ஜெலானி மெக்காய். நல்ல ஆட்டக்காரர், அந்த இடத்துக்கு உழைத்தவர், அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஏழடி இரண்டு அங்குல உயரத்தில் அல்சிண்டர் கூடைக்கு அடியில் நின்ற மூன்று சீசன்கள் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. பயிற்சியாளர் ஜான் வுடனின் அணி மைதானம் முழுக்க நெருக்கிப் பிடிக்கும் அணி. முன்னால் இருக்கும் கார்டுகள் எனப்படும் ஆட்டக்காரர்கள் பந்தைப் பறிக்கத் துணிந்து பாய்வார்கள். தப்பி வருகிறவனைப் பார்த்துக்கொள்ளப் பின்னால் ஆள் இருக்கிறார் என்ற தைரியம் அது. அப்படித் தப்பி வந்தவன் வைத்த லே-அப் (கூடைக்கு அருகே போய்ப் போடும் எறிதல்) என்ன ஆனது? 'தவறிய ஷாட்' என்று மட்டும் எழுதப்பட்டது. தட்டிவிட்டவன் பெயர் எழுதப்படவில்லை.

வால்டன் விஷயத்தில் இழப்பு இன்னும் கூடுதல். ரீபவுண்டை அந்தரத்தில் பிடித்து, கால் தரையைத் தொடும்போதே உடம்பைத் திருப்பி, பாதி மைதானம் தாண்டி ஓடும் கார்டுக்குப் பந்தை வீசிவிடுவார். அதுதான் அந்த அணியின் வேகத்துக்கு ஊற்று. அதைப் பிடித்தவர் இன்னொருவருக்குக் கொடுத்து அவர் கூடையில் போட்டால், அசிஸ்ட், அதாவது கூடைக்கு வழிவகுத்த பாஸுக்கான கணக்கு, நடுவில் இருந்தவருக்கு. தொடங்கி வைத்தவருக்கு ஒரு ரீபவுண்ட் மட்டும். அசிஸ்டே உங்கள் தேசியக் கணக்கில் நிலையாக இடம்பிடித்தது 1983-84-ல்தானே.

அடுத்தது டங்க், அதாவது வளையத்துக்கு மேலிருந்து பந்தைக் கையால் உள்ளே அறைவது. 1966-67-ல், கல்லூரியின் முதன்மை அணியான பெரிய அணியில் தன் முதல் சீசனில், அல்சிண்டர் ஆட்டத்துக்குச் சராசரி 29 புள்ளி எடுத்தார். எறிந்ததில் 66.7 சதவீதம் உள்ளே போனது. அணி 30-0. அந்த சீசன் முடிந்த கையோடு விதிக்குழு டங்க்கைத் தடை செய்தது. காயம், வளையம் உடைவது என்று காரணங்கள் சொன்னார்கள். ஆனால் அதை 'அல்சிண்டர் விதி' என்றுதான் ஊரே அழைத்தது. அடுத்த சீசனில் அவர் சதவீதம் 61.3. தடை 1975-76 முடியும்வரை நீடித்தது. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி எறிதலில்கூட டங்க் கூடாது. மீறினால் கூடை செல்லாது, டெக்னிகல் ஃபவுல் என்ற தண்டனையும் சேர்த்து. 1975-ல் நார்த் கரோலினா ஸ்டேட்டின் டேவிட் தாம்சன் தன் கடைசி உள்ளூர் ஆட்டத்தில் ஒரே ஒரு டங்க் போட்டு அந்தத் தண்டனையை வாங்கிக்கொண்டார்.

இந்தக் குறிப்பை எழுதச் சொல்வது அல்சிண்டருக்கு வக்காலத்து வாங்க அல்ல. எழுதினால் இந்தக் கட்டத்தில் லாபம் வால்டனுக்குத்தான். மொத்தக் கணக்கில் அல்சிண்டர் 63.9 சதவீதம், வால்டன் 65.1. வெறும் எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம். ஆனால் அல்சிண்டருக்கு மூன்றில் ஒரு சீசன் டங்க் இருந்தது. வால்டனுக்கு ஒரு நாள்கூட இல்லை.

1973 மார்ச் 26, செயின்ட் லூயிஸ், இறுதி ஆட்டம், எதிரே மெம்ஃபிஸ் ஸ்டேட். வால்டன் 22 முறை எறிந்தார், 21 உள்ளே. 44 புள்ளி, 13 ரீபவுண்ட். இடைவேளையில் 39-39 என்று சமநிலை, அதற்குள் அவர்மேல் மூன்று ஃபவுல். இந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது அவர் விரல்களைக் கவனிக்க வேண்டும். சக ஆட்டக்காரர் கிரெக் லீ தலைக்கு மேலே தூக்கிப் போடுகிறார். வால்டன் வளையத்தின் உயரத்தில் பந்தைப் பிடிக்கிறார். இன்றைக்கு என்றால் அப்படியே உள்ளே அறைந்துவிடலாம். அன்று கை வளையத்துக்கு மேல் போனால் கூடை ரத்து. ஆகவே அந்தரத்திலேயே மணிக்கட்டை மடக்கி, கையை வளையத்துக்கு இப்பால் நிறுத்திக்கொண்டு, பந்தை மட்டும் பலகையில் தட்டி இறக்குகிறார். லீக்கு அன்று 14 அசிஸ்ட். '21-22' என்று எழுதும் இடத்தில் 'டங்க் தடை அமலில்' என்று ஒரு சொற்றொடர் சேர்க்க எவ்வளவு மை செலவாகும்?

முதலாம் ஆண்டு விஷயமும் இதே கதைதான். 1972-க்கு முன் முதலாண்டு மாணவர் பெரிய அணியில் ஆட முடியாது. 1965 நவம்பர் 27-ல் பாலி பெவிலியன் திறப்பு விழா ஆட்டத்தில் யு.சி.எல்.ஏ.வின் முதலாண்டு அணி, இரண்டு முறை தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றிருந்த அதே கல்லூரியின் பெரிய அணியை 75-60 என்று தோற்கடித்தது. அல்சிண்டருக்கு 31 புள்ளி, 21 ரீபவுண்ட். நாட்டின் முதல் நிலை அணியை வீழ்த்தியவர் அந்த ஆண்டு முழுக்கக் கணக்கில் வராத ஆட்டங்களை ஆடிக்கொண்டிருந்தார். 1992-ல் டான் மெக்லீன் நான்கு ஆண்டுகள் ஆடி 2,608 புள்ளியோடு அவருடைய கல்லூரி சாதனையைக் கடந்தார். வித்தியாசம் 283 புள்ளி. மெக்லீனின் சாதனை சாதனைதான், குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரே பட்டியலில், ஒரே எழுத்துருவில், மூன்று ஆண்டுக் கணக்கையும் நான்கு ஆண்டுக் கணக்கையும் மேலும் கீழுமாக அடுக்கிவிட்டு, எத்தனை சீசன் என்பதை வரிசையில் எழுதாமல் விட்டால் படிக்கிறவன் என்ன செய்வான்?

இது யு.சி.எல்.ஏ.வோடு நிற்கவில்லை. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் (எல்.எஸ்.யூ.) பீட் மராவிச் மூன்று சீசனில், 83 ஆட்டத்தில், தொலைவிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு இல்லாமல் 3,667 புள்ளி எடுத்தார். 2023-ல் டெட்ராய்ட் மெர்சியின் அன்டோயின் டேவிஸ் ஐந்து சீசனில், 144 ஆட்டத்தில், 3,664-ல் நின்றார். இன்னும் நான்கு புள்ளி எடுத்திருந்தால் முதலிடம் கைமாறியிருக்கும். கொரோனா ஆண்டைக் கணக்கில் சேர்க்காமல் கூடுதல் சீசன் கொடுத்தது நியாயமான முடிவு, மாணவர்கள் என்ன பாவம் செய்தார்கள். ஆனால் விதியை மாற்றுகிறவர்கள் மாற்றிவிட்டுப் போகிறார்கள். உயரமானவன் வந்தால் டங்க் கூடாது என்பார்கள். பத்தாண்டு கழித்துக் கூடும் என்பார்கள். 1985-86-க்கு முன்புவரை, பந்தை எறிய நேர வரம்பு வைக்கும் ஷாட் கடிகாரமே இல்லாமல் ஆட விட்டார்கள். அப்புறம் 45 வினாடி, பிறகு 35, இப்போது 30. ஒவ்வொரு மாற்றத்தோடும் எண்ணின் பொருள் மாறுகிறது. ஏடு மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்த வரியை எழுதிக்கொண்டே போகிறது. விளையாடியவர்களின் உழைப்பை இதைவிட மலிவாக நடத்த முடியாது.

கோபத்தில் சற்று உரக்கப் பேசிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது விதியை மாற்றச் சொல்லி அல்ல, பழைய எண்களைத் திருத்தச் சொல்லியும் அல்ல. எண்ணுக்குப் பக்கத்தில் விதியை எழுதச் சொல்லி.

காயத்தையும் எழுதச் சொல்வீர்களா என்று கேட்கலாம். வேண்டாம். 1968 ஜனவரி 20-ல் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் 52,693 பேர் முன்னால் ஹூஸ்டனிடம் 71-69 என்று தோற்ற ஆட்டத்தில் அல்சிண்டர் 18 எறிதலில் 4 தான் உள்ளே போட்டார். ஒரு வாரம் முன்பு அவர் இடது கருவிழியில் கீறல் விழுந்திருந்தது. 1974 ஜனவரியில் வால்டன் முதுகெலும்பில் அடிபட்டு மூன்று ஆட்டம் வெளியே இருந்தார். திரும்பி வந்த கையோடு நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் 70-59 என்று முன்னணியில் இருந்த அணி, கடைசியில் எதிரிக்குத் தொடர்ந்து 12 புள்ளி விட்டுக்கொடுத்து 71-70 என்று தோற்றது, தொடர்ந்து 88 ஆட்டம் வென்ற தொடரும் அறுந்தது. அந்த 88-ல் வால்டன் வருவதற்கு முன் கிடைத்தவை 15, அவர் காலத்தில் 73. காயம் விளையாட்டின் பங்கு, அதை ரசிகர்கள் பேசித் தீர்த்துக்கொள்வோம். விதி நிர்வாகத்தின் பங்கு. அதை எழுதி வைக்கும் கடமை ஏடு வைத்திருப்பவருக்கு.

என் தீர்ப்பைக் கேட்டால், அல்சிண்டர். ஆட அனுமதித்த மூன்று ஆண்டிலும் பட்டம், மூன்று முறையும் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர். 90 ஆட்டத்தில் அணிக்கு இரண்டே தோல்வி. ஒன்று கண் காயத்தோடு ஆடிய ஹூஸ்டன் ஆட்டம். இன்னொன்று 1969-ல் எதிரணியான யு.எஸ்.சி. பல்கலைக்கழகம் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைத்து 46-44 என்று எடுத்தது. ஷாட் கடிகாரம் இருந்திருந்தால் அந்த உத்தியே கிடையாது. ஒரே ஆட்டத்தின் உச்சம் என்றால் வால்டனின் செயின்ட் லூயிஸ் ஆட்டத்தை அல்சிண்டரும் தொட்டதில்லை. பாஸ் கொடுப்பதிலும் வால்டன் ஒரு படி மேல். மூன்றே ரீபவுண்ட் வித்தியாசத்தில் கல்லூரி சாதனை யாருக்கு என்று தீர்ந்திருக்கும் இருவருக்குள், இந்த நியாயத்தைப் பேசுவதற்கு நல்ல அட்டவணை வேண்டாமா?

பிளாக்கை இப்போதும் ஓரளவுக்கு மீட்கலாம். பழைய படச்சுருள்களும் ஒளிபரப்புப் பதிவுகளும் முழுமையாக இருக்கும் ஆட்டங்களை மட்டும் எடுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணட்டும், முரண்பட்டால் மூன்றாமவர் பார்க்கட்டும். இன்றைய வரையறையையே வைத்துக்கொள்ளலாம்: தட்டிய பந்து கூடையில் விழக் கூடாது, எறிந்தவர் கணக்கில் தவறிய ஷாட் ஏற வேண்டும். சிக்கல் வருவது கோல்டெண்டிங்கில், அதாவது கூடையை நோக்கி இறங்கும் பந்தைத் தட்டும் தவறில்; அப்போது எறிந்தவருக்குக் கூடை கொடுத்துவிடுவார்கள். பயிற்சியாளர்கள் எடுத்த படங்களில் ஒலி இருக்காது, விசில் கேட்காது. பந்து இறங்கும்போது தட்டினாரா, ஏறும்போது தட்டினாரா என்பது மேலிருந்து எடுத்த ஒற்றைக் கேமராவில் தெளிவாகத் தெரியாது. அப்போது அடுத்து நடப்பதைப் பார்க்க வேண்டும். தற்காத்த அணி தன் கூடைக்குப் பின்னால் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போட்டால், பெரும்பாலும் நடுவர் கூடை கொடுத்திருக்கிறார். அந்த ஆட்டத்தின் ஸ்கோர் தாளில் எறிந்தவரின் புள்ளியோடு ஒத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். இன்னொரு எச்சரிக்கை: கிடைத்த ஆட்டங்களின் சராசரியை 88 ஆட்டத்துக்கும் பெருக்கிவிடாதீர்கள். எஞ்சியிருக்கும் படங்களில் பெரிய ஆட்டங்களே மிகுதியாக இருக்கும், பலவீனமான அணிகளோடு ஆடியவை குறைவாக இருக்கும். எண்ணியதை அதிகாரப்பூர்வப் பட்டியலில் கலக்கவும் வேண்டாம். 'படம் பார்த்து எண்ணியது, இத்தனை ஆட்டங்கள்' என்று தனி வரியாக இருக்கட்டும்.

அந்த வேலைக்கு ஆளும் நேரமும் வேண்டும், தெரியும். ஆனால் வரிசையில் மூன்று சிறு குறிப்புகள் சேர்ப்பதற்கு எதுவும் தேவையில்லை: எத்தனை சீசன் ஆட அனுமதி, டங்க் உண்டா இல்லையா, பிளாக் எண்ணப்பட்டதா இல்லையா. கோடு இருக்கும் இடத்தில் 'எண்ணப்படவில்லை' என்றே எழுதிவிடுங்கள். அதை யாரும் பூஜ்யமாக மாற்ற முடியாது. அடுத்த சீசன் பதிப்பு வெளிவருவதற்குள், யு.சி.எல்.ஏ.வின் இந்த இரண்டு வரிசைகளிலிருந்தாவது தொடங்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர் ஒருவர்