விற்ற கணக்கைக் கொடுக்கச் சொல்லுங்கள்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். விழுப்புரத்தில் பதினொரு வருடம் சொந்த டி-போர்டு (வாடகை) கார் ஓட்டியவன் நான். இப்போது அடுத்தவர் வண்டிக்கு ஆக்டிங் டிரைவர். கடனில் வாங்கிய அந்தக் காரை, டியூ (மாதத் தவணை) நின்றதால் ஃபைனான்ஸ் கம்பெனி பறித்து விற்றுவிட்டது. சீசிங் (வண்டியைப் பறிப்பது), யார்டு (பறித்த வண்டியை நிறுத்தும் இடம்) எல்லாம் தாங்கள் அறிந்ததே என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஒரு பதிவுத் தபால் வந்தது. கோர்ட்டுக்கு வெளியே கடன் தகராறைத் தீர்க்கும் நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) ஒருவரின் உத்தரவு. அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. என் காரை விற்றது போக இன்னும் 1,86,000 ரூபாயும் அதற்கு வட்டியும் நான் கட்ட வேண்டுமாம். கார் என்ன விலைக்குப் போனது, எந்தத் தேதியில் போனது, யார்டு வாடகை எவ்வளவு பிடித்தார்கள் என்று ஒரு வரி கூட அதில் இல்லை. அந்தக் கணக்கைக் கேட்டு ஃபைனான்ஸ் கம்பெனிக் கிளைக்கு ஏழு முறை நடந்துவிட்டேன். "ஹெட் ஆபீஸ்ல கேளுங்க" என்பதுதான் ஏழு முறையும் கிடைத்த பதில்.

மூன்று டியூ நின்றுபோனது என் தவறுதான். அம்மாவின் இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பணம் போய்விட்டது. கடன் கொடுத்தவருக்கு வண்டியை எடுக்க உரிமை உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் எடுக்கும் முன் நோட்டீஸ், விற்கும் முன் கடைசி வாய்ப்பு, விற்பனை எப்படி நடக்கும் என்ற முறை, இவையெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்று நிதி நிறுவனங்களுக்குச் சொன்னது தங்கள் வங்கி. கடனாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்பதும் தங்கள் விதிதான்.

எனக்கு நோட்டீஸ் வரவில்லை, நான்கு ஆட்கள் வந்தார்கள். திண்டிவனம் தாண்டி டீக்கடையில் நிறுத்தியிருந்தபோது சாவியைப் பிடுங்கினார்கள். செஞ்சியிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு என் காரில் சவாரி வந்துகொண்டிருந்த ஒரு பாட்டியின் பையைத் தூக்கி ரோட்டோரம் வைத்தார்கள். அவரை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனேன். நான்காம் நாள் 30,000 ரூபாயோடு கிளைக்குப் போனால், "முழு லோனையும் க்ளோஸ் பண்ணுங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் கார் விற்றுப்போனதாகச் செய்தி மட்டும் வந்தது.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. கார் யாரிடமோ ஓடுகிறது, ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) இன்னும் என் பெயரில் இருக்கிறது. வேலூர்ப் பக்கம் அதிவேகமாகப் போனதற்கான அபராதம் என் போனுக்கு வருகிறது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதாக வக்கீல் சொன்னார். அன்றிலிருந்து ராத்திரி போன் அடித்தால் என் மனைவி எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். எங்கேயாவது ஒரு குழந்தை மீது ஏற்றியிருப்பார்களோ என்று கேட்கிறாள். விற்ற தேதி எழுத்தில் கையில் இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸிலாவது காட்டுவேன்.

கடன் வாங்கும்போது கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த இரண்டு செக்குகளும் அவர்களிடம்தான் இருக்கின்றன. நாளை அதில் ஒரு தொகையை எழுதிப் போட்டு, அது பணமில்லாமல் திரும்பி வந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவில் வழக்கு. 2 ஆண்டு வரை சிறை, செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம். விற்ற விலை தெரியாமல் மிச்சக் கடன் இவ்வளவுதான் என்று நான் எதை வைத்துச் சொல்வேன்? தங்கள் ஒம்புட்ஸ்மேனிடம் (வாடிக்கையாளர் புகாரை விசாரிப்பவர்) போகலாம் என்றால், நடுவரிடம் போய்விட்ட விவகாரத்தை அவர் எடுத்துக்கொள்வதில்லை. முதலில் நடுவரிடம் ஓடுவது யார் என்று தங்களுக்குத் தெரியாதா?

2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில், டிராக்டரை எடுக்க வந்தவர்கள் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் மீதே அதை ஏற்றினார்கள். ஒரே வாரத்தில் அந்த நிறுவனம் வெளி ஆட்களை வைத்து வசூலிக்கத் தாங்கள் தடை போட்டீர்கள். தங்களால் முடியும் என்று அன்று தெரிந்துகொண்டோம். அதற்கு ஒரு பெண் சாக வேண்டியிருந்தது. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்தும் ரோட்டில் சாவி பிடுங்குவது நின்றபாடில்லை. எத்தனை டிரைவர்களுக்குத்தான் இப்படி நடப்பது?

கோபத்தில் எழுதியிருந்தால் மன்னியுங்கள். நான் கடன் தள்ளுபடி கேட்கவில்லை. கடன் பாக்கிக்காக வண்டியை எடுத்து விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் விற்ற விலை, தேதி, பிடித்த செலவு ஆகியவற்றை எழுதி, ஒரு மாதத்துக்குள் தமிழிலோ கடனாளிக்குத் தெரிந்த மொழியிலோ கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கொடுக்காதவரை மிச்சத் தொகை கேட்டு நடுவரிடம் போகக் கூடாது, செக்கை வங்கியில் போடக் கூடாது, கடன் கட்டிய வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் பெயரைக் கெடுக்கக் கூடாது. ஆர்.சி.யை மாற்றாமல் வண்டியை வெளியே விடக் கூடாது. இதற்கு ஓர் உத்தரவு போடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கு வந்தால், கட்ட வேண்டியதை மாதாமாதம் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர்,
விழுப்புரம்.