அந்தச் சீட்டை அனுப்பு, கலா

அன்பு மகள் கலாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. தீபாவளிக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து நீ என்னோடு சரியாகப் பேசவில்லை. கூப்பிட்டால் "டூட்டிக்குக் கிளம்புறேம்பா" என்கிறாய். ஷிஃப்ட் மாறி மாறி வரும், தெரியும். அதனால்தான் கடிதம்.

17,000 என்று சொல்லிச் சேர்த்தார்கள், கைக்கு 13,500 சொச்சம்தான் வருகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். என்னிடம் கேட்டிருக்கலாம். முப்பது வருஷம் மில் ஆபீசில் சம்பளக் கணக்கு எழுதியவன் நான்.

நீ சேரும்போது காட்டிய தாளில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 14,000 என்று இருந்தது. அதில் பி.எஃப். 12 சதவீதம், 1,680. இ.எஸ்.ஐ. மொத்தச் சம்பளத்தில் முக்கால் சதவீதம், 128. வருமான வரி உன் சம்பளத்துக்குக் கிடையாது. தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான். வருஷத்துக்கு 2,500-ஐத் தாண்டக் கூடாது. ஆக, மற்ற மாதங்களில் 15,192 வரவேண்டும். குறைகிற பணம் ஏறக்குறைய இன்னொரு 1,680. ராத்திரி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதலாளி போடவேண்டிய பி.எஃப். பங்கையும் காண்ட்ராக்டர் உன் சம்பளத்திலேயே பிடிக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. அப்படிப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஹாஸ்டலுக்கோ சாப்பாட்டுக்கோ பிடித்திருந்தால் அது சம்பளச் சீட்டில் தனியாக இருக்கும். சீட்டை போட்டோ எடுத்து அனுப்பு.

பி.எஃப். பாஸ்புக்கையும் போனில் திறந்து பார். சீட்டில் பிடித்ததாக எழுதிவிட்டு பி.எஃப். ஆபீசில் கட்டாதவர்கள் இருக்கிறார்கள். காண்ட்ராக்டர் மாறினாலும் பி.எஃப்.புக்கு உனக்கென்று தந்த அதே யு.ஏ.என். நம்பரைக் கொடு, அவசரப்பட்டுப் பணத்தை எடுத்துவிடாதே. பத்து வருஷம் சேர்ந்தால்தான் பென்ஷன். ஏப்ரல் 1-ஆம் தேதி பஞ்சப்படி ஏறும், ஏற்றினார்களா என்று பார். சீட்டை மறக்காமல் அனுப்பு.

நம் தெருவில் முதலில் வேலைக்கென்று வெளியூர் போன பெண் நீதான். பஸ் ஏறிய அன்று எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. ஆனால் பொங்கலுக்கு வராமல் இருந்தாயே, அது சரியில்லை அம்மா. உன் அம்மா அடுப்பைப் பற்றவைக்கவே ஒன்பது மணி ஆக்கினாள்.

தீபாவளியன்று மாரி அத்தை வீட்டில் ரொம்ப நேரம் இருந்தாய். திரும்பி வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

உண்மைதான் கலா. நான் இருந்த மில்லில் ரெஜிஸ்டரில் அரசாங்கம் நிர்ணயித்த கூலியைத்தான் எழுதுவோம். கவரில் ஒரு நாளைக்கு 30 ரூபாய் வீதம் குறைத்துப் போடுவோம். எழுதியது நான், கவர் ஒட்டியதும் நான். சனிக்கிழமை சாயங்காலம் வரிசையில் வருவார்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து, தெரியாதவர்களுக்குக் கைநாட்டு. ஒருநாள் மாரி, "அண்ணே, இதுல எவ்வளவு போட்டிருக்கு?" என்று குனிந்தாள். அந்தக் கட்டத்தை நான் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். "போட வேண்டியதத்தான் போட்டிருக்கு, நாட்டு வை" என்றேன். குறைந்த கூலிக்குத் தொழிலாளியே சம்மதித்து எழுதிக்கொடுத்தாலும் செல்லாது என்று அப்போதிருந்த 1948-ஆம் வருஷக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே சொன்னது. அது தெரிந்த ஆள் அந்த ஆபீசில் நான் ஒருவன்தான். உன் ஸ்கூல் பீஸ், வீட்டு லோன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாரி வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் படித்தார்கள்.

அந்த வித்தியாசத்தை வாராவாரம் என் டைரியில் குறித்துவைத்தேன். பதினோரு பேர், ஆறு வருஷம். டைரிகள் பரணில் தகரப் பெட்டியில் இருக்கின்றன. நேற்று இறக்கி வைத்தேன். மாரி வீட்டு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

அடுத்த லீவுக்கு வா. அந்த வீட்டுக்கு நீ என் கூட வரவேண்டும். வரப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை, சீட்டை மட்டுமாவது அனுப்பு.

அப்பா