வேளாண் மாணவர்களுக்குச் செய்தியைச் சோதிக்கவும் கற்றுத்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காட்டை ஒட்டி, காப்பிக்கு ஊடே மலைவாழை வைத்திருக்கும் விவசாயி நான். வேளாண் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டில் கிராமங்களில் தங்கிப் பயிற்சி பெறும் திட்டம் குறித்து எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு அப்படி வந்த மாணவர்கள் விவசாயிகளுக்கென ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினார்கள். மழை நிலவரம், மானிய விவரம் எல்லாம் அதில் வந்தன, பயன்பட்டன. முடிக்கொத்து நோய் கண்ட வாழைக்கு ஒரு கரைசலை வேரில் ஊற்றினால் இருபது நாளில் குருத்து தெளிந்துவிடும் என்ற காணொளியும் அதே குழுவில்தான் வந்தது. படிக்கிற பிள்ளைகள் அனுப்பியதாயிற்றே என்று நம்பி, உடனே தோண்டி அழித்திருக்க வேண்டிய ஏழு மரங்களை இரண்டு மாதம் விட்டுவைத்தேன். அதற்குள் சுற்றியிருந்த மரங்களிலும் குருத்து குறுகிக் கொத்தாக நின்றது.

அந்நோய் வைரஸால் வருவது. அசுவினிப் பூச்சியாலும் நோயுற்ற கன்றுகளாலும் பரவுவது. வந்த மரத்தைக் குணமாக்க மருந்து கிடையாது. 2008ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற விருப்பாச்சி மலைவாழை, இம்மலையில் முன்பிருந்த பரப்பில் பெரும்பகுதியை இழந்ததற்கு இந்நோயே முக்கியக் காரணம். பின்னர் நான் கேட்டபோது மாணவர் ஒருவர் நோயின் தன்மையைத் தயங்காமல் சொன்னார். அப்படியானால் ஏன் அனுப்பினீர்கள் என்றதற்கு, "நிறையப் பேர் பார்த்திருந்தார்கள் ஐயா" என்றார். (தெரிந்திருந்தும் ஊற்றிப் பார்த்த என் ஆசையை நான் மறைக்கவில்லை.)

மருந்திட்ட பாத்திக்கு அருகில் மருந்திடாத பாத்தியும் இருக்க வேண்டும், சோதனையைப் பலமுறை திரும்பச் செய்ய வேண்டும் என்று புள்ளியியல் வகுப்பில் கற்றுத் தேர்வில் எழுதுகிறவர்கள், கைப்பேசியில் வரும் காணொளியிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கரைசல் ஊற்றாத மரம் எப்படி இருந்தது? அது முடிக்கொத்துதானா, வெறும் சத்துக் குறைபாடா? சமவெளிச் சொட்டுநீர்த் தோட்டத்தில் எடுத்ததா, மழையை நம்பிய மலைத் தோட்டத்தில் எடுத்ததா? பேசுகிறவரே அக்கரைசலை விற்கிறவரா? மேல்மலையில் பூண்டு பிடுங்கும் காலத்தில் வடுகபட்டிச் சந்தையின் பழைய விலை இன்றைய விலையாகச் சுற்றுவதையும், தேதியைப் பார்க்கப் பழகியவர் எளிதில் கண்டுகொள்வார்.

இதற்காகப் புதிய பாடம் வேண்டியதில்லை. இருக்கும் சுமையே போதும். தங்கும் ஊரில் விவசாயிகளின் கைப்பேசிகளில் உலவும் செய்திகளை மாணவர்கள் திரட்டி, மூலத்தையும் தேதியையும் தேடி, பூச்சிக்கொல்லி என்றால் அதன் சீட்டில் உள்ள பயிர், அளவு, அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, சரி, தவறு, உறுதியாகச் சொல்ல முடியாது என்று பிரித்து, ஊரைவிட்டுக் கிளம்புமுன் எங்கள் முன் வாசிக்கட்டும். கடைக்காரரின் பேச்சையும் நிறுவனத் துண்டறிக்கையையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018ஆம் ஆண்டிலேயே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொய்ச்செய்தியை இனங்காணப் பயிற்சி அளித்தார்கள். பட்டப்படிப்பு மாணவர்களுக்கு இது கடினமாக இராது.

உரக் காணொளி ஏதேனும் ஒன்றை, போட்ட வரிசை, போடாத வரிசை என்று நேரில் சோதித்துப் பார்க்க விரும்பும் கல்லூரிக்கு என் தோட்டத்தில் இடம் தருகிறேன். நோய் மரங்களைத் தோண்டிய இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
மலைவாழை விவசாயி ஒருவர்,
பண்ணைக்காடு, திண்டுக்கல் மாவட்டம்.